வெயிலில் ஒரு குச்சி: குழந்தைகளோடு சூரியனைப் பற்றிய எளிய சோதனைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு வெயிலில் நின்று சோதனை செய்துவருகிறேன். பெற்றோரும் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன். வேண்டிய பொருட்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும்: நேரான குச்சி, சாக்பீஸ், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, மஞ்சள்தூள், பச்சைப்பயறு, அளவு நாடா. அப்புறம் பிள்ளைக்கென்று தனியாக ஒரு நோட்டு. அது கட்டாயம்.

எந்த வயதில் தொடங்கலாம்?

நிழலை மிதித்து விளையாடத் தெரிந்த வயதிலேயே. நாலு வயதுப் பிள்ளையைக் காலை 8 மணிக்கு மொட்டை மாடியில் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். நிழலைச் சுற்றி இன்னொரு கோடு. மறுபடி 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அதே பாதக் கோட்டுக்குள் நிற்கச் சொல்லுங்கள். காலையில் ஒரு பக்கம் நீண்டு கிடந்த நிழல் மாலையில் எதிர்ப்பக்கம் கிடக்கும். "நான் நகரவே இல்லையே, நிழல் எப்படி நகர்ந்தது?" என்று பிள்ளை கேட்டால் அன்றைய பாடம் முடிந்தது. பூமி சுற்றுகிறது என்பதை அன்றே சொல்லியாக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. அந்தக் கேள்வி பிள்ளையின் மனதில் ஒரு வாரம் ஊறட்டும்.

சூரியனைப் பற்றிப் படிக்க சூரியனைப் பார்க்க வேண்டாமா? கண்ணுக்கு என்ன ஆகும்?

நேராகப் பார்க்கவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டுப்போனாலும் அந்த நேரத்தில் உறைக்காது. பல மணி நேரம் கழித்து, பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரியும்போதுதான் தெரியவரும். அப்போது செய்ய முடிவது அதிகம் இல்லை.

கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே படச்சுருள், புகை பிடிக்கவைத்த கண்ணாடி எதுவும் பாதுகாப்பு இல்லை. கிரகணத்தன்று தாம்பாளத்தில் மஞ்சள் நீர் ஊற்றி அதில் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தண்ணீர், விழுகிற வெளிச்சத்தில் நூற்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்பும் என்றாலும் சூரியனுக்கு அதுவே கண்ணைக் கெடுக்கப் போதும். நல்ல கிரகணக் கண்ணாடி லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உள்ளே விடும். வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். கண்ணாடி வாங்குவதானால் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தரக்குறியீடு உள்ளதை வாங்குங்கள். கீறல் விழுந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். தொலைநோக்கியையோ பைனாகுலரையோ பிள்ளைகள் தாமாகச் சூரியன் பக்கம் திருப்பிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழே சொல்லும் சோதனைகள் எதிலும் சூரியனைப் பார்க்கும் வேலை இல்லை. நிழல், சுவரில் விழும் பிம்பம், சூடு, நிறம் ஆகியவற்றை வைத்தே எல்லாம் நடக்கும். இன்னொன்று: கத்திரி வெயிலில் 11 மணிக்கு மேல் பிள்ளைகளை நிற்கவைக்காதீர்கள். நிழலைக் குறிக்க ஒரு நிமிடம் வெளியே வந்தால் போதும். தொப்பியும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

குச்சி சோதனை என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

என்னைக் கேட்டால், ஒரே ஒரு சோதனை செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்வேன்.

சமமான தரையில் ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் செங்குத்தாக நட்டுக்கொள்ளுங்கள். மாடியாக இருந்தால் மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் ஊன்றலாம். செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க, நூலில் ஒரு கல்லைக் கட்டிக் குச்சியோடு ஒட்டித் தொங்கவிட்டாலே போதும். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பாரே, அதே வேலை. காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை அரை மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். நிழல் மிகக் குட்டையாக இருக்கும் அந்தக் கோடுதான் தெற்கு வடக்கு.

திசையை இன்னும் துல்லியமாகப் பிடிக்க ஒரு பழைய முறை உண்டு. குச்சியை மையமாக வைத்து, காலை நிழலின் நீளத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். நிழல் சுருங்கி வட்டத்துக்குள் போகும், பிற்பகலில் நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும். காலையில் தொட்டிருந்த புள்ளியையும் பிற்பகலில் தொட்ட புள்ளியையும் இணைத்தால் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும். கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு என்ற முளைக்குச்சியை நட்டுத் திசை பார்த்தது இப்படித்தான். சங்ககால நெடுநல்வாடையில், இரண்டு கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலைப் பார்த்து அரண்மனைக்குக் கயிறு பிடித்து மனை வகுத்த காட்சி வருகிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கையில் இருக்கும் குச்சியை உடனே வேறு மாதிரிப் பிடிப்பார்கள்.

கடைசியில் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து ஒப்பிடலாம். முதலில் குச்சி, பிறகு போன். இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

சரியாக 12 மணிக்கு அளந்தோம். நிழல் அப்போது மிகக் குட்டையாக இல்லையே?

நீங்கள் அளந்தது சரி. கடிகாரம்தான் உங்கள் ஊர்ச் சூரியனுக்கு ஒத்துப் போகவில்லை. இந்திய நேரம் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம் பிந்தும். சென்னைக்குச் சுமார் 9 நிமிடம், கோவைக்கு 22 நிமிடம். அதோடு பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் வருடத்துக்குள்ளேயே கொஞ்சம் முன்பின் ஆகும். கோவையில் பிப்ரவரி நடுவில் உச்சிப்பொழுது 12.36 வாக்கில் வரும், நவம்பர் தொடக்கத்தில் 12.06 வாக்கில். சென்னையில் நவம்பர் தொடக்கத்தில் 12 மணி அடிக்கும் முன்பே உச்சி கடந்துவிடும்.

கோவையில் ஒரு பிள்ளை, சென்னையில் அதன் அத்தைப் பையன். ஒரே நாளில் இருவரும் அளந்து, மிகக் குட்டை நிழல் எத்தனை மணிக்கு விழுந்தது என்று போனில் சொல்லிக்கொள்ளட்டும். 13 நிமிட வித்தியாசம் வரும். பூமி உருண்டு திரும்புகிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி எனக்குத் தெரியாது.

நிழலில்லா நாள் என்பது உண்மையா? எங்கள் ஊரில் எப்போது?

உண்மை. சூரியன் உச்சிப்பொழுதில் நேர் தலைக்கு மேல் வருவது கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் உள்ள ஊர்களில் மட்டுமே, வருடத்துக்கு இரண்டு நாள். தினமும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் என்று பெரியவர்களே நம்புகிறார்கள். டெல்லியில் ஒரு நாள்கூட அப்படி நிற்காது.

ஓரிரு நாள் முன்பின்னாக: கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, செப்டம்பர் 1. யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் ஏப்ரல் 15, 16, பிறகு ஆகஸ்ட் 27. திருச்சி, கோவை ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24. சென்னை ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18. ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டையோ எவர்சில்வர் டம்ளரையோ செங்குத்தாக நிறுத்துங்கள். பக்கவாட்டு நிழல் மெல்லச் சுருங்கிக் காணாமல் போகும். சென்னையில் ஏப்ரலில் அது 12.07 வாக்கில் நடக்கும். ஒரு நிமிடம்தான். முன்கூட்டியே தயாராக இருங்கள்.

இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே உள்ள மாதங்களில் என்ன நடக்கிறது என்று பலரும் கவனிப்பதில்லை. சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அதனால் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஒரு வருடம் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டைப் பார்த்தேன். ஜூன் மாதப் பக்கத்தில் ரப்பரால் அழித்த தடம். அடியில் லேசாகத் தெற்கு நோக்கிய கோடு, அதன் மேல் அழுத்தமாக வடக்கு நோக்கிய கோடு. கேட்டதற்கு, "நிழல் தெற்கே போச்சு சார். வடக்கேதான் விழும்னு கைடுல இருக்கு. நான் தப்பாப் பார்த்துட்டேன்னு அழிச்சுட்டேன்" என்றாள். அவள் பார்த்ததுதான் சரி. எந்த ஊருக்கோ எழுதிய வரி அவள் கண்ணால் பார்த்ததை அழிக்கவைத்துவிட்டது. அன்றிலிருந்து பிள்ளைகளிடம் பேனாவால்தான் குறிக்கச் சொல்கிறேன்.

கோடையில் சூரியன் நமக்கு அருகில் வருவதால்தான் வெயிலா?

இல்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் நேரம். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர்.

சாய்வுதான் காரணம். இருட்டறையில் கட்டம் போட்ட தாளின் மேல் டார்ச்சை நேராகப் பிடித்து, வெளிச்சம் விழும் கட்டங்களை எண்ணுங்கள். டார்ச்சின் உயரத்தை மாற்றாமல் சாய்த்துப் பிடித்து மறுபடி எண்ணுங்கள். அதே வெளிச்சம் அதிகக் கட்டங்களுக்குப் பங்கு போகும், ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைப்பது குறையும். சென்னையில் டிசம்பர் 22 அன்று நண்பகலில் ஒரு மீட்டர் குச்சிக்கு 74 செ.மீ. நிழல் விழும். ஏப்ரல் கடைசியில் நிழலே இல்லை. அந்தச் சாய்வோடு, டிசம்பரில் பகல் பொழுதும் ஜூனைவிட ஒன்றரை மணி நேரம் குறைவு. குச்சி நோட்டில் இருக்கும் எண்களையே எடுத்துப் பேசினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

மரத்தடியில் வட்ட வட்டமாக வெளிச்சம் விழுகிறதே, இலை இடுக்குகள் வட்டமாகவா இருக்கின்றன?

அருமையான கேள்வி. இடுக்குகள் கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனால் வேப்பமரத்தடியிலும் கீற்றுக் கொட்டகைக்குள்ளும் தரையில் காசு சிதறினது போல விழும் ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம். ஓட்டை சிறியதாகவும் தரை தொலைவாகவும் இருந்தால், ஓட்டையின் வடிவம் மறைந்து ஒளி தரும் பொருளின் வடிவம் விழும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கம் காலை ஒன்பதரை மணி வாக்கில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அன்று மரத்தடி முழுக்க வட்டங்கள் போய் வளையல்களாகக் கிடந்தன.

சோதித்துப் பார்க்க ஒரு அட்டையில் சதுரமாக ஒரு செ.மீ. ஓட்டை போட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள். சதுர வெளிச்சம் விழும். அடுத்த கேள்வியில் வரும் கண்ணாடி முறையில் அதே சதுர ஓட்டை பத்து மீட்டர் தள்ளி வட்டமாகிவிடும்.

சூரியன் எவ்வளவு பெரியது என்று பிள்ளைகளே அளக்க முடியுமா?

முடியும். அளவு நாடாவும் முகம் பார்க்கும் கண்ணாடியும் போதும். இதைச் செய்து முடித்த பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு வருடமும் செய்கிறேன்.

கண்ணாடியைக் கருப்பு சார்ட் பேப்பரால் மூடி, நடுவில் அரை செ.மீ. ஓட்டை விடுங்கள். வெயிலில் ஒரு ஸ்டூல் மேல் சாய்த்து வைத்து, எதிரொளிக்கும் வெளிச்சத்தை இருட்டான அறைக்குள் அனுப்புங்கள். அறையின் சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்க வேண்டும். கண்ணாடிக்கும் சுவருக்கும் பத்து மீட்டர் இருந்தால் நல்லது. பள்ளி வராந்தா இதற்குத் தோது. அறைக்குள் இருப்பவர்கள் யாரும் கண்ணாடியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, முதுகு காட்டி நிற்க வேண்டும். இதை மூன்று முறையாவது சொல்லுங்கள்.

சுவரில் மங்கலான ஒரு வட்டம் விழும். பென்சிலால் அதன் விளிம்பைக் குறிக்கச் சொல்லிப் பாருங்கள். வட்டம் மெல்ல நகர்ந்து, கோட்டைவிட்டு வெளியே போய்விடும். "ஆடாதேடா" என்று கண்ணாடிப் பக்கம் நிற்பவனைத் திட்டுவார்கள். அவன் தொட்டிருக்கவே மாட்டான். நகர்வது பூமி.

அளந்த அகலத்தில் ஓட்டையின் அரை செ.மீ.யைக் கழித்துவிடுங்கள். பத்து மீட்டருக்கு 9.3 செ.மீ. வாக்கில் வரும். அதாவது தூரத்தில் ஏறக்குறைய 108-இல் ஒரு பங்கு. சூரியன் இருக்கும் தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதை 108-ஆல் வகுத்தால் 13.9 லட்சம் கிலோமீட்டர். அதுதான் சூரியனின் விட்டம். பிள்ளைகள் அளப்பதில் 12 லட்சமும் வரும், 15 லட்சமும் வரும். வரட்டும். ஐந்து குழுக்கள் அளந்து சராசரி எடுத்தால் ஆச்சரியப்படும் அளவுக்கு நெருங்கிவிடும்.

அப்புறம் மைதானத்துக்குப் போங்கள். ஒரு கால்பந்து சூரியன். பூமி ஒரு கடுகு. எவ்வளவு தள்ளி வைப்பது என்று கேட்டால் எல்லாரும் இரண்டு அடி, மூன்று அடி என்பார்கள். 23 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நிலா கடுகிலிருந்து 6 செ.மீ. தள்ளி, ரவைத் துணுக்கு அளவில். மனிதன் இதுவரை போய்வந்தது அந்த 6 செ.மீ.தான். சூரியனை அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரத்தை எங்கே வைப்பது? பந்து சென்னையில் இருந்தால் அது டோக்கியோ அருகே இருக்கும்.

சூரியன் எரிகிறது என்றால் காற்று வேண்டாமா? விண்வெளியில்தான் காற்றே இல்லையே?

இந்தக் கேள்வி கேட்ட பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள். எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடிக் காட்டுங்கள். சில விநாடியில் அணைந்துவிடும். ஆகவே சூரியன் மெழுகுவர்த்தி மாதிரி எரியவில்லை என்று பிள்ளையே சொல்லிவிடும்.

சூரியனின் நடுவில் வெப்பம் சுமார் 1.5 கோடி பாகை செல்சியஸ். அங்கே இருக்கும் அழுத்தத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியம் ஆகின்றன. ஒவ்வொரு விநாடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இப்படி மாறுகிறது. அதில் ஏறக்குறைய 40 லட்சம் டன் எடை குறைந்து ஆற்றலாக வெளியேறுகிறது. தீர்ந்துபோகாதா என்று அடுத்துக் கேட்பார்கள். 460 கோடி வருடமாக இப்படித்தான் இருக்கிறது, இன்னும் சுமார் 500 கோடி வருடத்துக்குத் தாங்கும். அங்கிருந்து கிளம்பும் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர 8 நிமிடம் 20 விநாடி. முற்றத்தில் விழும் வெயில், பிள்ளை இட்லி சாப்பிட உட்கார்ந்தபோது அங்கே கிளம்பியது.

சூட்டைக் காட்ட என்ன செய்யலாம்?

ஒரே மாதிரி இரண்டு டம்ளர். ஒன்றைக் கருப்புத் தாளாலும் மற்றொன்றை வெள்ளைத் தாளாலும் சுற்றி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். கையை விட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். எண் வேண்டுமென்றால் சமையலறைத் தெர்மாமீட்டர் வையுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை இதற்குப் போடாதீர்கள். 42, 43 பாகைக்கு மேல் அதில் இடம் இல்லை, உடைந்தால் உள்ளே பாதரசம் இருக்கும்.

அட்டைப்பெட்டி அடுப்பும் செய்யலாம். பெட்டியின் அடியில் கருப்புத் தாள், மூடியின் உட்புறம் அலுமினியத் தாள், மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் ஷீட். உள்ளே ஒரு கிரேயான் துண்டு, வெளியே அதே நிறத்தில் ஒரு துண்டு. எது முதலில் உருகுகிறது என்று பாருங்கள். வெயில் உள்ளே போகிறது, சூடான காற்று வெளியே வரமுடியாமல் தங்குகிறது. பூட்டிவைத்த காருக்குள் நடப்பதும் இதுதான். இதன் பெரிய வடிவத்தைப் பார்க்க விரும்பினால், ஆரோவில்லின் பொதுச் சமையலறைக் கூரையில் 15 மீட்டர் அகலத்தில் கண்ணாடிகள் பதித்த கிண்ணம் ஒன்று இருக்கிறது. வெயிலைக் குவித்து நீராவி எடுத்துச் சமைப்பதற்காகக் கட்டியது.

மஞ்சள் கறை வெயிலில் போய்விடுமே, அதுவும் சூரியச் சோதனைதானா?

ஆமாம்! குழம்பு கொட்டின வெள்ளைச் சட்டையைத் துவைத்து வெயிலில் போட்டால் கறை வெளிறும் என்று நம் அம்மாக்கள் எல்லாருக்கும் தெரியும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் என்ற பொருளை வெளிச்சம் சிதைத்துவிடுகிறது. இதை வைத்துப் படம் எடுக்கலாம். குர்க்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். அதனால் பெரியவர் ஒருவர், கை துடைக்கும் சானிடைசரில் மஞ்சள்தூளைக் குழைத்துக் கெட்டித்தாளில் பூசி, நிழலில் காயவைக்கட்டும். அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. காய்ந்ததும் அதன் மேல் ஒரு வேப்பிலைக் கொத்தையோ சாவியையோ வைத்து, கண்ணாடி மூடி நல்ல வெயிலில் அரை நாள் விடுங்கள். எடுத்தால் சுற்றிலும் வெளிறி, இலை இருந்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கும். இலையின் பல் பல்லான விளிம்புகூடப் பதிந்திருக்கும். அந்தப் படத்தை இருட்டான இடத்தில் வைக்க வேண்டும். வெயிலில் மாட்டினால் அதுவும் வெளிறிப் போகும்.

செடிக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை எப்படிக் காட்டுவது?

இரண்டு கொட்டாங்குச்சியில் மண் நிரப்பிப் பச்சைப்பயறு போடுங்கள். ஒன்று ஜன்னல் ஓரம், மற்றொன்று அலமாரிக்குள். "ஒரு வாரம் கழித்து எது உயரமாக இருக்கும்?" என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். எல்லாரும் வெயில் பட்டதைத்தான் எழுதுவார்கள். திறந்து பார்த்தால் இருட்டில் இருந்ததுதான் உயரமாக, ஒல்லியாக, வெளிர் மஞ்சளாக நிற்கும். வெளிச்சத்தைத் தேடி, விதையில் இருந்த சேமிப்பை எல்லாம் நீளத்துக்கே செலவழித்துவிட்டது. பச்சையம் உண்டாகவில்லை. அம்மன் கோயில் முளைப்பாரி இருட்டறையில் வளர்ந்து இதே வெளிர் நிறத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்களே. அலமாரிப் பயிரை இரண்டு நாள் வெளிச்சத்தில் வைத்தால் பச்சை ஏறிவிடும்.

சூரியன் மஞ்சளா, சிவப்பா?

வெள்ளை. தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து வெயில் படச் செய்தால் சுவரில் வானவில் விழும். அத்தனை நிறமும் சேர்ந்தால் வெள்ளை. அந்தியில் ஏன் சிவப்பு என்பதற்கு, தண்ணீர் டம்ளரில் நாலைந்து சொட்டுப் பால் விட்டு டார்ச் அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் லேசான நீலம், எதிரே வெள்ளைத் தாளில் விழும் வெளிச்சத்தில் செம்மஞ்சள். நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது.

நிறத்தைப் பிரித்துப் பார்ப்பது வெறும் விளையாட்டு அல்ல. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் ழான்சன் குண்டூருக்கு வந்தார், சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். சூரிய ஒளியைப் பிரித்தபோது தெரிந்த ஒரு மஞ்சள் கோடு, அதுவரை பூமியில் யாரும் அறியாத தனிமத்துடையது என்று பின்னர் தெளிவானது. கிரேக்கத்தில் சூரியனைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அது அகப்பட்டது 1895-இல். பிறந்தநாள் பலூனில் அடைக்கும் ஹீலியத்துக்குக் குண்டூர் வெயிலோடு உறவு உண்டு.

வீட்டில் பாட்டி சூரியனைச் சாமி என்கிறார். பிள்ளை குழம்பாதா?

குழம்பியதை நான் பார்த்ததில்லை. பாட்டி அதிகாலையில் எழுந்து கும்பிடுகிறவர், சூரியன் எந்த மாதம் எந்த வீட்டுக் கூரைக்கு மேல் உதிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளையை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். நல்ல தகவல் கிடைக்கும்.

பொங்கலை ஒட்டி ஒரு கேள்வி தானாக வரும். தையில் சூரியன் வடக்கே திரும்புகிறது என்கிறோம், ஆனால் குச்சியின் நண்பகல் நிழல் டிசம்பர் 22-ஐ ஒட்டியே மிக நீளமாகி, பொங்கலுக்குள் குறையத் தொடங்கிவிடுகிறது. ஏன்? பூமியின் அச்சு, பம்பரம் தலையாட்டுவது போல, சுமார் 26,000 வருடத்துக்கு ஒரு சுற்று ஆடுகிறது. ராசிகளை வைத்துக் கணக்கிடும் தை முதல் நாளும் சூரியன் திரும்பும் நாளும் சுமார் 1,700 வருடத்துக்கு முன் ஒன்றாக இருந்தன. அப்போதிருந்து மெல்ல விலகி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த விலகலைப் பிள்ளை தன் நோட்டிலேயே பார்க்கலாம்.

சோதனை சரியாக வரவில்லை என்றால்?

எழுதிவையுங்கள். மேகம் வந்ததா, குச்சி சாய்ந்ததா, டம்ளர் ஒன்றில் தண்ணீர் குறைவா என்று பிள்ளையோடு உட்கார்ந்து தேடுங்கள். மறுநாள் திரும்பச் செய்யுங்கள். வேறொன்றும் இல்லை.

இதற்குமேல் ஆர்வம் காட்டும் பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

வெளியூரில் இருக்கும் ஒரு உறவினரோடு சேர்ந்து பூமியை அளக்கச் சொல்லுங்கள். மார்ச் 21 அன்று உச்சிப்பொழுதில் ஒரு மீட்டர் குச்சிக்குச் சென்னையில் 23 செ.மீ. நிழல், கன்னியாகுமரியில் 14 செ.மீ. தாளில் குச்சியையும் நிழலையும் வரைந்து கோணமானியால் அளந்தால், 13 பாகையும் 8 பாகையும் கிடைக்கும். வித்தியாசம் 5 பாகை, முழு வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. தெற்கு வடக்காக இரண்டு ஊருக்கும் சுமார் 555 கிலோமீட்டர். 72-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு அதுதான். எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் 2,200 வருடத்துக்கு முன் செய்த அதே கணக்கு.

கொடைக்கானல் போனால் படகுச் சவாரியோடு திரும்பாமல் அங்குள்ள சூரிய வானாய்வகத்தையும் பாருங்கள். 1899-இல் நிறுவப்பட்டது. 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இஸ்ரோவின் ஆதித்யா எல்1 விண்கலம் இப்போது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர்.

நாட்காட்டியில் 2031 மே 21-ஐயும் இப்போதே குறித்துவைக்கச் சொல்லுங்கள். கேரளம், தென் தமிழகம், வட இலங்கை வழியாக வளையச் சூரிய கிரகணம் கடக்கிறது. உச்சிப்பொழுதை ஒட்டி, சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே இருக்கும்போது. கிரகணக் கண்ணாடி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மதுரைப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் வெள்ளை வேட்டியை விரித்துக் காத்திருந்தால் போதும். வளையங்கள் வேட்டியில் வந்து விழும்.